இணைப்பு விளக்கு எரிகிறது, ஆனால் ராக்கெட் கிளம்பவில்லை: இக்னைட்டர் குறித்து உதவி தேவை

வான்நோக்கி:
அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு காலை பன்னிரண்டு மாணவர்களின் மாதிரி ராக்கெட்டுகளை ஏவ வேண்டியிருப்பதால் அவசரமாக எழுதுகிறேன். பத்து முறை பொத்தானை அழுத்தினால் மூன்று, நான்கு முறை எதுவுமே நடப்பதில்லை. சாவியைச் செருகியதும் இணைப்பு விளக்கு நன்றாக எரிகிறது, ஆகவே மின்சுற்றில் குறை இருக்க வாய்ப்பில்லை. பேட்டரிகளும் புதியவை. மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டர்கள்தாம் தரமற்றவை என்று நினைக்கிறேன். நம்பகமான இக்னைட்டர் எது என்று யாரேனும் சொல்ல முடியுமா?

செம்புக்கம்பி:
நண்பரே, எந்த வகை பேட்டரி, எத்தனை, கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஏவுதளம் வரை கம்பி எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன் என்பவற்றை நீங்கள் எழுதவே இல்லை. இவற்றைவிட முக்கியமாக, கிளம்பாமல் போன இக்னைட்டரை வெளியே எடுத்துப் பார்த்தபோது அதன் நுனி எரிந்திருந்ததா, அல்லது புதிதுபோலவே இருந்ததா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மழைமேகம்:
என் அனுபவத்தில் இதற்குக் காரணம் ஈரப்பதம்தான். உறையைப் பிரித்து வைத்த இக்னைட்டர்கள் மழைக்காலத்தில் அடிக்கடி ஏமாற்றியிருக்கின்றன. காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் வைக்கத் தொடங்கிய பிறகு எனக்குத் தொல்லை குறைந்தது. முதலில் அதைச் செய்து பாருங்கள்.

ஓம்விதி:
இந்தக் கேள்விக்கு இதே பகுதியில் நான் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் பார்த்த பிறகு கேட்டிருக்கலாம். விளக்கு எரிந்தால் சுற்று சரி என்று முடிவு செய்வது பள்ளிப் பாடத்தையே மறந்துவிட்ட முடிவு. அந்த விளக்குக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். இக்னைட்டரிலுள்ள நிக்ரோம் கம்பி பழுக்கச் சூடாவதற்கோ சுமார் 2 ஆம்பியராவது வேண்டும். இக்னைட்டரைக் கம்பியோடு இணைக்கும் கிளிப்பில் ஒரு ஓம் அளவுக்கு அழுக்கு படிந்திருந்தாலும் விளக்கு எரியத்தான் செய்யும், இக்னைட்டர்தான் எரியாது. மாணவர்களுக்குக் கற்பிக்கிறவர் இதை முதலில் தாம் அறிந்திருக்க வேண்டும்.

வான்நோக்கி:
தேடாமல் கேட்டதற்கு மன்னிக்கவும். நான்கு ஏஏ ஆல்கலைன் பேட்டரிகள், சி வகை மோட்டார்கள் (எழுத்து மோட்டாரின் ஆற்றல் அளவைக் குறிக்கும்), கடையில் வாங்கிய கட்டுப்பாட்டுப் பெட்டி. மாணவர்கள் இன்னும் தள்ளி நிற்கட்டும் என்று கம்பியை நான் 8 மீட்டராக நீட்டியிருக்கிறேன். அதற்குப் பழைய தொலைபேசிக் கம்பியைப் பயன்படுத்தி, முனைகளை முறுக்கி டேப் சுற்றினேன். கடைசியாகத் தவறிய நான்கில் மூன்று இக்னைட்டர்கள் புதிதுபோலவே இருந்தன, ஒன்று மட்டும் நுனி கருகியிருந்தது. கிளம்பவில்லை என்றதும் உடனே போய்க் கிளிப்பை அசைத்துவிட்டு வந்து மறுபடி அழுத்துவோம், சில சமயம் அதிலேயே கிளம்பிவிடும்.

இரண்டாம்நிலை:
மற்றவர்கள் மின்சாரக் கணக்குக்குள் போவதற்கு முன் உங்கள் கடைசி வரியைப் பற்றி எழுதியாக வேண்டும், ஐயா. கிளம்பாத ராக்கெட்டின் அருகே உடனே போகவே கூடாது. அமெரிக்கத் தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு நெறி, சாவியைக் கழற்றிவிட்டு அல்லது பேட்டரியைத் துண்டித்துவிட்டு, கடைசியாக முயன்ற நேரத்திலிருந்து 60 விநாடி கழிந்த பிறகே யாரும் நெருங்கலாம் என்கிறது. ஏவுதளத்துக்குப் போகிறவர் சாவியைத் தம் கையிலேயே எடுத்துச் செல்வது இன்னும் நல்லது. பன்னிரண்டு பிள்ளைகள் ஆவலோடு நிற்கும் இடத்தில் இந்த ஒரு பழக்கம் இல்லாமல் ஞாயிறு நிகழ்ச்சியை நடத்தாதீர்கள்.

நுனி கருகிய அந்த ஒன்று வேறு வகைக் கோளாறு. இக்னைட்டர் எரிந்தும் மோட்டார் பற்றவில்லை என்றால் நுனி கருமருந்தைத் தொடவில்லை என்று பொருள். மோட்டாரின் பின்துளையான நாசில் வழியாக முட்டும் வரை உள்ளே செருகி, அதற்குரிய பிளாஸ்டிக் அடைப்பானை அழுத்திப் பொருத்திய பிறகே இக்னைட்டரின் கம்பிக் கால்களை வளைக்க வேண்டும். கிளிப்புகளின் எடை இழுத்தால் நுனி மெல்லக் கீழே இறங்கிவிடும். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலே தவறிப்போக வாய்ப்புண்டு.

மழைமேகம்:
மீதி மூன்று புதிதுபோல இருந்தன என்பதால் ஈரப்பதத்தைத் தள்ளிவிட முடியாது என்றே கருதுகிறேன். இருந்தாலும் விளக்கைப் பற்றி ஒன்று: எல்இடியைவிடப் பழைய இழை பல்பே நல்லது. இழை பல்பு வழியாக அதிக மின்னோட்டம் பாய்வதால், தொடர்பு சரியில்லாவிட்டால் ஒளி மங்கிக் காட்டிக்கொடுக்கும்.

ஓம்விதி:
இது தவறான அறிவுரை, மாணவர்கள் இருக்கும் இடத்தில் ஆபத்தானதும்கூட. 6 வோல்ட், கால் ஆம்பியர் பல்பின் மின்தடை எரியும்போது 24 ஓம். அதனோடு கிளிப்பின் ஒரு ஓம் சேர்ந்தால் ஒளியில் ஏற்படும் வேறுபாட்டைப் பகல் வெளிச்சத்தில் உங்கள் கண் எப்படிக் காணும்? அதே கால் ஆம்பியர், குறைந்த மின்னோட்டத்தில் பற்றும் இக்னைட்டர்களைச் சோதனையின்போதே பற்றவைக்கக்கூடும். எல்இடிக்குப் பத்து, இருபது மில்லி ஆம்பியர் போதும்.

மழைமேகம்:
வான்நோக்கி பயன்படுத்துவது சாதாரண நிக்ரோம் இக்னைட்டர்தானே? அது கால் ஆம்பியரில் பற்றாது. பல ஆண்டுகளாக நான் பல்பைத்தான் பயன்படுத்துகிறேன், ஒருமுறைகூடத் தானாகப் பற்றியதில்லை.

ஓம்விதி:
இன்று நிக்ரோம், நாளை வேறு வகை வாங்குவார், பெட்டியோ அதே பெட்டிதான். மேலும், பலர் செய்வதுபோல 6 வோல்ட் பெட்டியில் 12 வோல்ட் பேட்டரியை இணைத்தால் பல்பு வழியாகப் பாயும் மின்னோட்டம் இன்னும் கூடும்.

செம்புக்கம்பி:
நீங்கள் இருவரும் சொல்வதிலிருந்து எனக்குத் தெளிவாவது, ஒரு ஓம் கூடுதல் தடையைப் பல்பும் காட்டாது, எல்இடியும் காட்டாது என்பதே. ஆகவே விளக்கை விட்டுவிட்டு அளந்துவிடலாம்.

வான்நோக்கி, ராக்கெட்டோ மோட்டாரோ அருகில் இல்லாத இடத்தில் இதைச் செய்யுங்கள். இக்னைட்டருக்குப் பதிலாக 1 ஓம், 10 வாட் மின்தடையைக் கிளிப்புகளுக்கிடையே மாட்டி, பொத்தானை ஓரிரு விநாடி அழுத்தும்போது அந்த மின்தடையின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டர் காட்டும் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். தடை ஒரு ஓம் என்பதால் வோல்ட் எண்ணே ஆம்பியர் எண்ணாகும். பிறகு மீண்டும் அழுத்தி, இம்முறை பேட்டரி முனைகளில் அளங்கள். பொத்தானை அழுத்தாமலும் ஒருமுறை பேட்டரியை அளங்கள். இந்த மூன்று எண்களையும் எழுதினால் குறை பேட்டரியிலா கம்பியிலா என்று பிரித்துவிடலாம்.

வான்நோக்கி:
அளந்தேன். அழுத்தாதபோது பேட்டரியில் 6.1, அழுத்தும்போது பேட்டரியில் 5.0, மின்தடையில் 1.4.

ஓம்விதி:
அப்படியானால் கணக்கு எளிது. பாய்வது 1.4 ஆம்பியர்தான். பேட்டரிக்குள் இழப்பது 1.1 வோல்ட், அதாவது அகத்தடை 0.8 ஓம், நான்கு ஏஏ பேட்டரிகளுக்கு அது இயல்பானதே. பேட்டரியிலிருந்து கிளிப்புக்குப் போகும் வழியில் மட்டும் 3.6 வோல்ட் தொலைகிறது, அது ஏறக்குறைய 2.6 ஓம். 0.4 மில்லிமீட்டர் தொலைபேசிக் கம்பி மீட்டருக்கு 0.14 ஓம் வரும், போக 8, வர 8 என 16 மீட்டருக்கு 2.2 ஓம். மீதி உங்கள் முறுக்கு இணைப்பும் கிளிப்பும் பொத்தானும். நீங்கள் குறைசொன்ன இக்னைட்டருக்கு நீங்கள் போதிய மின்சாரத்தைக் கொடுக்கவே இல்லை. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைப் போடுங்கள், அதே 16 மீட்டருக்கு 0.3 ஓமுக்குள் அடங்கிவிடும்.

செம்புக்கம்பி:
கிளிப்பை அசைத்ததும் சில சமயம் கிளம்பியதற்குக் காரணமும் இதுதான் என்று எண்ணுகிறேன். மின்னோட்டம் எல்லையில் தடுமாறிக்கொண்டிருந்தபோது கிளிப்பின் சிறு முன்னேற்றமே போதுமானதாக இருந்திருக்கும். முறுக்கிய இணைப்புகளை ஈயத்தால் பற்றுவைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஏவலிலும் புகைக்கரி படிவதால், கிளிப்பின் பற்களை அடுத்த ஏவலுக்கு முன் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இரு கிளிப்புகளும் ஒன்றையொன்றோ, சுடரைத் திருப்பும் உலோகத் தகட்டையோ தொட்டுவிடக் கூடாது, தொட்டால் விளக்கு எரியும், ஆனால் மின்னோட்டம் இக்னைட்டருக்குப் போகாமல் குறுக்கே ஓடிவிடும். கம்பியைக் குட்டையாக்கிச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். டி வகை வரையிலான மோட்டார்களுக்கு 15 அடி என்பது குறைந்தபட்ச எல்லை, நீங்கள் 8 மீட்டர் தள்ளி நிற்க விரும்பியது சரியான எண்ணமே.

மழைமேகம்:
எண்களைப் பார்த்த பிறகு ஈரப்பதம் இங்கே முதன்மைக் காரணம் அல்ல என்று ஒப்புக்கொள்கிறேன். பல்பு பற்றிய என் கருத்து மாறவில்லை, அதற்குத் தனி விவாத இழை தொடங்குகிறேன்.

வான்நோக்கி:
கம்பியை மாற்றி, பற்றுவைத்து, கிளிப்புகளைத் தேய்த்தேன். மின்தடையில் இப்போது 2.6 வோல்ட். ஞாயிறு அன்று பன்னிரண்டில் பதினொன்று முதல் அழுத்தலிலேயே கிளம்பின. ஒன்று தவறியது, சாவியைக் கழற்றி 60 விநாடி காத்திருந்த பிறகே போனோம். அனைவருக்கும் நன்றி.

இரண்டாம்நிலை:
மகிழ்ச்சி, ஐயா. தவறிய அந்த ஒன்றின் நுனி கருகியிருந்ததா?