மறு: வழிகாட்டு நெறியைத் தாண்டிய தண்டனை – என்ன சொல் வைக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். வழிகாட்டு நெறி சொல்வதைவிட நீதிபதி கூடுதலாகக் கொடுக்கும் தண்டனைக்கு நம் சட்டச் சொற்பட்டியலில் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு ஒருவர் எழுதியது:

> ‘வரம்பு மீறிய தண்டனை’ என்றே வைத்துவிடலாமே ஐயா, எல்லாருக்கும் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். நாம் எடுத்திருப்பது அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களின் நடைமுறை. அங்கே எல்லை இரண்டு. ஒன்று சட்டம் வைத்த உச்சம், அதை எந்த நீதிபதியும் தாண்ட முடியாது. இன்னொன்று தண்டனை ஆணையத்தின் அட்டவணை, தலைப்பில் சொன்ன வழிகாட்டு நெறி இதுதான். குற்றத்தின் கடுமைக்கு 43 படி, முன்குற்ற வரலாற்றுக்கு 6 வகை, இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் இத்தனை மாதம் முதல் இத்தனை மாதம் வரை என்று போட்டிருக்கும். படி 24, முதல் வகை என்றால் 51 முதல் 63 மாதம். சட்ட உச்சம் 120 மாதம் என்று வைத்துக்கொள்வோம், நீதிபதி 90 கொடுக்கிறார். எந்த வரம்பை மீறினார்? 2005இல் உச்ச நீதிமன்றத்தின் புக்கர் தீர்ப்பு வந்த பிறகு அட்டவணையைக் கணக்கிட்டுப் பார்த்தாக வேண்டும், ஆனால் அது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. ‘வரம்பு மீறிய’ என்று எழுதினால், மேல்முறையீட்டில் இனிமேல்தான் வாதாட வேண்டியதை நாமே தலைப்பிலேயே தீர்ப்பாக எழுதிவிடுகிறோம். ‘மிகைத்தண்டனை’யிலும் இதே குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. ‘கடுந்தண்டனை’ வேண்டவே வேண்டாம், கடுங்காவலோடு குழம்பும்.

அட்டவணையை விட்டு விலகி மேலே போவதால் ‘மேல்விலகல்’ என்பது மோசமில்லை. ஆனால் ‘மேல்விலகல் மேல்முறையீடு’ என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஏறுவரிசை, இறங்குவரிசை என்று பள்ளியில் படித்தோமே, அந்த வழியில் ‘ஏறுவிலகல்’, ‘இறங்குவிலகல்’ என்பது என் பரிந்துரை. திசையை மட்டும் சொல்லும், பழி சுமத்தாது.

அப்புறம், விலகலே இரண்டு வகை. அந்த அட்டவணை இருக்கும் ஆணையத்தின் கையேடு தானே அனுமதித்த காரணத்துக்காக விலகுவது ஒன்று. சட்டம் எண்ணிப் பார்க்கச் சொல்கிற குற்றத்தின் தன்மை, ஆளின் பின்னணி போன்றவற்றை எடைபோட்டு நீதிபதி தன் முடிவாக விலகுவது இன்னொன்று. முதலாவதற்கு முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும் என்று விதி இருந்தது, இரண்டாவதற்குத் தேவையில்லை என்று 2008இல் இரிசாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறிவிப்பு வரவில்லை என்று முறையிடுகிறவருக்கு எந்த விலகல் என்பதே உயிர்நாடி. ஆகவே சொல்லும் இரண்டு வேண்டும். இரண்டாவதை ‘மாறுபாடு’ என்று வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஏறு சேர்த்ததும் ‘ஏறுமாறுபாடு’ ஆகி ஏறுமாறாகப் போய்விட்டது! ‘நீதிபதி விலகல்’ என்றால் நீதிபதி வழக்கிலிருந்தே விலகிவிட்டார் என்று படிப்பார்கள். கடைசியில் ‘கையேட்டு விலகல்’, ‘தன்முடிவு விலகல்’ என்று நிற்கிறேன்.

---

ஐயா, ஏறுவிலகல் எனக்குச் சம்மதம். ஆனால் 2025 நவம்பர் 1 முதல் ஆணையம் அந்த முதல் வகையைக் கையேட்டிலிருந்தே எடுத்துவிட்டதே? இல்லாத ஒன்றுக்கு எதற்குத் தனிச்சொல்? இன்னொன்று, தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்க்கும் அளவுகோலைச் சொற்பட்டியலில் ‘நியாயத்தன்மை’ என்று போட்டிருக்கிறீர்கள். நீதி, நியாயம் இரண்டும் நம் ஆட்களுக்கு ஒன்றுதான்.

---

அம்மா, எடுத்தது சரிதான், ஆனால் அதற்கு முன் வந்த தீர்ப்புகள் எங்கே போகும்? 1987 முதல் குவிந்திருக்கின்றன, மொழிபெயர்ப்பவர் கையில் வரப்போவதும் பெரும்பாலும் அவைதான். ‘கையேட்டு விலகல் – பழைய வழக்கு’ என்று குறிப்போடு போட்டுவிடலாம்.

நியாயத்தன்மையை நான் விடமாட்டேன். நீதி என்றால் 90 மாதம் சரியா தப்பா என்று மேல் நீதிமன்றம் புதிதாகத் தீர்மானிப்பதாகத் தோன்றும். அங்கே நடப்பது அது இல்லை. 2007இல் கால் வழக்கில் (கை கால் இல்லை, மனுதாரரின் பெயர்) உச்ச நீதிமன்றம் சொன்னபடி, முதலில் நடைமுறைப் பிழை உண்டா என்று பார்ப்பார்கள்: அட்டவணைக் கணக்குத் தப்பா, விலகியதற்குக் காரணம் சொன்னாரா. அதில் தேறினால்தான் தண்டனையின் அளவைப் பார்ப்பார்கள். அந்த அளவிலும், நாமாக இருந்தால் 70 கொடுத்திருப்போம் என்பதற்காக மட்டும் ரத்து செய்ய முடியாது. விலகல் பெரிதானால் காரணமும் கனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘அவர் கொடுத்ததில் நியாயம் இருக்கிறது’ என்று பேச்சில் சொல்கிறோமே, நமக்கு உடன்பாடில்லாதபோதும் சொல்கிறோமே, அந்த நியாயம்.

நீதிபதி எழுதித் தரும் காரணப் பத்திரத்துக்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. ‘காரணவுரை’ என்று ஒருவர் போட்டிருந்தார், பதவுரை பொழிப்புரை பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. வேறு ஏதாவது தோன்றுகிறதா?