சப்ஸ்டன்ஸ் பி போட்டும் ஆஸ்டியோகிளாஸ்ட் கூடவில்லை, அவசரம்!

பாதிராத்திரி: மூன்று முறை செய்துவிட்டேன். கட்டுரைகளைப் பார்த்தால் சப்ஸ்டன்ஸ் பி (நரம்பு விடும் பெப்டைடு, அதாவது நியூரோபெப்டைடு) கொடுத்ததும் ஆஸ்டியோகிளாஸ்ட் (எலும்பைக் கரைக்கும் செல்) கூடுகிறது. எனக்கோ ஆஸ்டியோகிளாஸ்டைக் காட்டும் ட்ராப் சாயம் போட்டு எண்ணினால், பெப்டைடு போடாத கன்ட்ரோல் வெல்லுக்கும் (தட்டின் குழி) இதற்கும் வித்தியாசமே இல்லை. வெள்ளிக்கிழமை கைடிடம் காட்ட வேண்டும். எங்கே தப்பு?

மஜ்ஜைக்காரி: எந்த செல்? ராவ் 264.7 செல் வரிசையா, எலி மஜ்ஜையா? ஆஸ்டியோகிளாஸ்டை உருவாக்கும் ராங்க்எல் புரதம் எவ்வளவு? பெப்டைடு எந்த நாளிலிருந்து?

பழைய பிப்பெட்: தம்பி, கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. செல் சொல்லவில்லை, அளவு சொல்லவில்லை. நாங்கள் என்ன ஜோசியமா பார்க்கிறோம்? எப்படியும் சீரம்தான் காரணம். அதிலுள்ள பெப்டிடேஸ் நொதி உங்கள் பெப்டைடைக் கடித்துத் துப்பிவிடும். வருஷக்கணக்காகச் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

பாதிராத்திரி: தம்பி இல்லை சார், தங்கை. சாரி, அவசரத்தில் விட்டுவிட்டேன். எலி மஜ்ஜை. செல்லைப் பிழைக்க வைக்கும் எம்-சிஎஸ்எஃப் 30, ராங்க்எல் 100 நானோகிராம். பெப்டைடு 10 நானோமோலார், தினமும் புதிதாக, 6 நாள். லேபில் ஏற்கெனவே இருந்த சிஜிஆர்பி என்ற இன்னொரு நியூரோபெப்டைடைப் பக்கத்து வெல்லில் போட்டேன், அதில் எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது.

மஜ்ஜைக்காரி: அட, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! 100 ராங்க்எல்லில் செல்கள் ஏற்கெனவே உச்சத்தில் நிற்கும். இன்னும் கூட இடம் எங்கே? குறைவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். 25-க்கு இறக்கிப் பாருங்கள்.

மூட்டுப் பிரிவு: தட்டில் தெரியாவிட்டாலும் உடம்பில் தெரியும். முடக்குவாதக்காரருக்குப் பக்கவாதம் வந்தால், செயலிழந்த பக்கத்து மூட்டுகள் பெரும்பாலும் வீக்கத்திலிருந்து தப்பிவிடுகின்றன. நரம்பு பேசாவிட்டால் அழற்சியும் அடங்குகிறது.

பழைய பிப்பெட்: அசையாத கையில் அழுத்தம் இல்லை, அதனால் வீக்கம் இல்லை. இதற்கு நரம்பு எதற்கு?

மூட்டுப் பிரிவு: அசையாவிட்டால் எலும்பு கரையத்தானே வேண்டும் சார், மூட்டு எலும்பு அரிபடுவது ஏன் குறைகிறது? இன்னொன்று, எல்லா நியூரோபெப்டைடும் வீக்கத்தை ஏற்றுவதில்லை. 2001-இல் மூட்டழற்சி எலிகளுக்கு விஐபி என்ற நியூரோபெப்டைடைக் கொடுத்தபோது வீக்கமும் எலும்புச் சேதமும் சேர்ந்தே குறைந்தன.

பழைய பிப்பெட்: எலி வேறு, மனுஷன் வேறு.

மூட்டுப் பிரிவு: பக்கவாதம் வந்தது மனுஷனுக்குத்தான் சார்.

வால்நுனி: இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். தங்கச்சி, அந்த சப்ஸ்டன்ஸ் பியை எப்படி வாங்கினீர்கள்? வெறும் 11 அமினோ அமில எழுத்துகளைக் கொடுத்துச் செய்யச் சொன்னீர்களா? கடைசியில் இருக்கும் மெத்தியோனினுக்கு அமைடு வேண்டும். கேட்காவிட்டால் அமிலமாகத்தான் அனுப்புவார்கள். அதை, சப்ஸ்டன்ஸ் பி போய் ஒட்ட வேண்டிய என்கே1 ஏற்பி கண்டுகொள்வதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெப்டைடோடு வந்த தாளில் நிறையைப் பாருங்கள். அமைடு 1347.6, அமிலம் 1348.6. ஒரே ஒரு டால்டன்தான், கண் எளிதில் தாண்டிப் போய்விடும்.

பழைய பிப்பெட்: அமைடாகவே இருந்தாலும் சீரம்...

பாதிராத்திரி: 1348.6. எழுத்துகளை டைப் செய்து அனுப்பியது நான்தான். கைடிடம் இரண்டு வாரம் கேட்டிருக்கிறேன். நன்றி அக்கா.

வால்நுனி: அக்கா இல்லை, அண்ணன். பரவாயில்லை.

மஜ்ஜைக்காரி: புதிது வந்ததும் ராங்க்எல்லையும் இறக்க மறக்காதீர்கள். இரண்டையும் மாற்றாமல் திரும்பச் செய்தால் மறுபடியும் இங்கேதான் வந்து நிற்பீர்கள். பாதிராத்திரி, இருக்கிறீர்களா?