மகனின் வலிப்பு மருந்து அளவு ரத்தத்தில் 44 என்று வந்திருக்கிறது, மருந்தைக் கூட்டச் சொல்லலாமா?

சுங்கை சிப்புட் அம்மா

வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. எடை 24 கிலோ. வலிப்புக்காக சோடியம் வால்புரோயேட் சிரப் கொடுக்கிறோம். 5 மில்லியில் 200 மில்லிகிராம் உள்ள சிரப். காலை 6 மில்லி, இரவு 6 மில்லி. போன தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை வந்தது, அதற்கப்புறம் வரவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறான், ஓடியாடுகிறான்.

போன வாரம் ஈப்போவில் தவணை. காலை மருந்தைக் கொடுக்காமல் கூட்டி வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். முதல் நாள் இரவு எட்டு மணிக்குக் கொடுத்ததுதான் கடைசி. மருந்தில்லாமல் பிள்ளையை வண்டியில் கூட்டிப் போக எனக்கு உள்ளுக்குள் ஒரே பயம். சிரப் போத்தலையும் சிரிஞ்சையும் கைப்பையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். ஒன்பதரைக்கு ரத்தம் எடுத்தார்கள். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அங்கேயே 6 மில்லி ஊற்றிவிட்டேன்.

முடிவு 44. தாளில் 50–100 என்று போட்டு, பக்கத்தில் ‘குறைவு’ என்ற குறியும் இருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, “பரவாயில்லை, இதே அளவு தொடரட்டும்” என்று சொல்லி அடுத்த தவணை கொடுத்துவிட்டார். வெளியே அவ்வளவு கூட்டம், நின்று கேட்க முடியவில்லை. இப்போது நாத்தனார், “குறைவு என்று தாளே சொல்கிறது, ஏன் கூட்டவில்லை? தனியாரிடம் காட்டு” என்கிறார். மாமியாருக்குப் பிள்ளையிடம் ரத்தம் எடுப்பதே பிடிக்கவில்லை.

பக்கத்து லயத்துப் பிள்ளையும் வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறாள், லெவெடிராசிட்டம். அவளுக்கு இப்படி ரத்தம் எடுத்து அளவு பார்ப்பதே இல்லையாம். என் மகனுக்கு மட்டும் ஏன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோலகங்சார் அப்பா

அக்கா, என் மகள் சாப்பிடுவது கார்பமாசெபின், உங்கள் மகனுடையது வேறு. அதனால் உங்கள் எண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் ரத்தம் எடுப்பது வீண் என்று மட்டும் யாரும் சொல்ல விடாதீர்கள்.

மகளுக்குப் போன வருடம் விடாத இருமல். டவுனில் ஒரு கிளினிக்கில் கிளாரித்ரோமைசின் என்ற ஆண்டிபயாடிக் கொடுத்தார்கள். வலிப்பு மருந்து சாப்பிடுகிறாள் என்று என் மனைவி அங்கே பெயரோடு சொன்னாள், ஆனால் யாரும் காதில் வாங்கவில்லை. ரெண்டு நாள் கழித்து, “அப்பா, டிவி ரெண்டாகத் தெரியுது” என்றாள். குளியலறைக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அளவு பார்த்தால் 15. கார்பமாசெபினுக்கு 4 முதல் 12 வரைதான். இருமலுக்குக் கொடுத்த அந்த மருந்து ஈரலின் வேலையைத் தடுத்ததால் வலிப்பு மருந்து ரத்தத்தில் சேர்ந்துபோனது என்று விளக்கினார்கள். அந்த ஆண்டிபயாடிக்கை மாற்றினார்கள், சில நாளில் பழையபடி ஆகிவிட்டாள். அந்த ரத்தப் பரிசோதனை இல்லையென்றால் வாந்தி, தலைச்சுற்றல் என்று வேறு எதற்கோ மருந்து கொடுத்திருப்பார்கள்.

தெலுக் இந்தான் மருந்தாளர்

அக்கா, நான் அரசாங்க மருத்துவமனையில் மருந்தாளராக இருக்கிறேன். மருந்து அளவுப் பாரங்களை (படிவங்களை) தினமும் பார்க்கிறவள். உங்கள் டாக்டர் செய்தது சரி.

அந்த 50–100 என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு வலிப்பு அடங்கி, தொந்தரவும் இல்லாமல் இருக்கிற வட்டாரம், அவ்வளவுதான். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. எல்லாப் பிள்ளைக்கும் அதற்குள்ளேதான் அடங்கும் என்று விதி இல்லை. சிலருக்கு 40இலேயே அடங்கிவிடும், சிலருக்கு 90 வேண்டும். வால்புரோயேட்டில் இந்த வித்தியாசம் ரொம்பவே அதிகம். வலிப்பு நோய்க்கு எதிரான பன்னாட்டுக் கழகம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இதைத்தான் வலியுறுத்தியிருக்கிறார்கள்: தாளில் உள்ள எல்லையைவிட, அந்த ஒரு நோயாளிக்கு எந்த அளவில் வலிப்பு நிற்கிறதோ அதுதான் அவருடைய அளவு. ‘குறைவு’ என்ற குறியைப் போடுவது ஆய்வுக்கூடத்து இயந்திரம். பையன் தீபாவளியிலிருந்து நன்றாக இருக்கிறான் என்பது அதற்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியும்.

அதனால் 44ஐக் கண்டு பயப்படாதீர்கள், அதைப் பத்திரமாக எழுதி வையுங்கள். பிள்ளை நலமாக இருக்கும்போது எடுத்த அளவு கையில் இருப்பது பெரிய உதவி. நாளைக்கே ஒரு வலிப்பு வந்து, அன்று எடுத்தால் 20 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்து தவறியதா, வாந்தி எடுத்தானா, எடை கூடிவிட்டதா, புது மருந்து ஏதாவது சேர்ந்ததா என்று தேடலாம். அன்றும் 44 வந்தால் தேட வேண்டிய இடமே வேறு. இந்தப் பழைய எண் இல்லாவிட்டால் அந்த 20ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

காலை மருந்தை நிறுத்தி வைத்த காரணம் இதுதான். சிரப் குடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும், அப்புறம் அடுத்த வேளை வரை இறங்கிக்கொண்டே வரும். அடுத்த வேளைக்குச் சற்று முன்னால் இருப்பது மிகக் குறைந்த அளவு. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எடுத்தால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடலாம். இதே பையனுக்கு ஏழு மணிக்கு மருந்து கொடுத்து ஒன்பதரைக்கு எடுத்திருந்தால் 50ஐத் தாராளமாகத் தாண்டியிருக்கும், நாத்தனாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் உடம்பில் உள்ள மருந்து அதேதான். இன்னொன்று, நீங்கள் இரவு எட்டுக்குக் கொடுத்து ஒன்பதரைக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள், பதின்மூன்றரை மணி நேரம். பன்னிரண்டாவது மணியில் எடுத்திருந்தால் 44ஐவிடக் கொஞ்சம் கூடவே இருந்திருக்கும். வேண்டிய மருந்தைக் கையோடு கொண்டுபோய், எடுத்த உடனே கொடுத்தீர்களே, எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

கணக்கும் பார்த்தேன். ஒரு நாளைக்கு 480 மில்லிகிராம், 24 கிலோ, அதாவது கிலோவுக்கு 20. பிள்ளைகளுக்கு வழக்கமாக 20 முதல் 30 வரை கொடுப்பார்கள். தேவைப்பட்டால் கூட்ட இடம் இருக்கிறது. தேவையில்லாமல் கூட்டினால் தூக்கம், கை நடுக்கம், எடை ஏறுவது, முடி கொட்டுவது எல்லாம் வரலாம், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களும் குறையலாம். அவன் 30 கிலோ ஆகும்போது இதே 6 மில்லி கிலோவுக்கு 16 ஆகிவிடும். ஆகவே தவணைக்குப் போனால் எடை பார்க்காமல் திரும்பாதீர்கள்.

தனியார் ஆய்வுக்கூடத்தில் எடுக்கப் போனால் ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் மைக்ரோமோல் என்ற வேறு அலகில் போடுவார்கள், அங்கே எல்லை 350–700 என்று இருக்கும். 44 என்பது அந்தக் கணக்கில் 305. ரெண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ‘ஏழு மடங்கு ஏறிவிட்டது’ என்று பயந்து ஓடி வந்தவர்கள் உண்டு.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் லெவெடிராசிட்டம் பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே போய்விடும், ரத்தப் புரதத்தோடு அதிகம் ஒட்டாது, மற்ற மருந்துகளோடு மோதுவதும் குறைவு. ஆகவே சிறுநீரகக் கோளாறு மாதிரி ஏதாவது இருந்தாலொழிய அளவு பார்க்கத் தேவைப்படுவதில்லை. வால்புரோயேட் அப்படியில்லை. புரதத்தோடு பெரிய அளவில் ஒட்டும், வேறு மருந்துகளோடு மோதும். மெரோபெனெம் என்ற ஊசி ஆண்டிபயாடிக் ஓரிரு நாளில் வால்புரோயேட்டை அடியோடு இறக்கிவிடும், வலிப்பு மருந்தைக் கூட்டினாலும் ஏறாது. பையனை எதற்காவது வார்டில் சேர்த்தால் வாசலிலேயே வலிப்பு மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். டெங்கி சந்தேகம் என்றாலும் சொல்லுங்கள், பிளேட்லெட் கணக்கைப் பார்க்கும்போது அவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, ஈரல் பரிசோதனை வேறு, மருந்து அளவு வேறு. அளவு நன்றாக இருந்தும் இந்த மருந்தால் ஈரல் பாதிக்கப்படலாம். விடாத வாந்தி, அசாதாரணத் தூக்கம், கண் மஞ்சள், திடீரென்று வலிப்பு கூடுவது, இதில் எது தெரிந்தாலும் தவணைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். அதே நேரத்தில் நீங்களாக மருந்தை நிறுத்திவிடவும் கூடாது.

ஓய்வுபெற்ற டிரெசர், பாகான் செராய்

மருந்தாளர் மகள் அழகாகச் சொல்லிவிட்டார். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது பீனோபார்பிட்டோனும் பினைட்டாயினும்தான். பினைட்டாயின் கொடுக்கிற பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக எழுதுகிறேன்.

அந்த மருந்தை ஈரல் ஓர் அளவு வரைதான் கையாளும். ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் தராசு ஒன்றுதான்; மரம் வெட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர் வந்தால் மளமளவென்று நிறுத்து அனுப்பிவிடலாம், இன்னும் நாலு பேர் சேர்ந்து வந்தால் வரிசை ரோடு வரைக்கும் நீண்டுவிடும். அதுபோல் மருந்தைக் கொஞ்சம் கூட்டினாலே ரத்தத்தில் மடமடவென்று ஏறிவிடும். எல்லை 10–20. இருபதைத் தாண்டினால், விரலைக் காட்டிப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லும்போது கருவிழி ஒரு பக்கமாக வெட்டி வெட்டித் துடிக்கும். முப்பதைத் தாண்டினால் நடை தள்ளாடும். நாற்பதில் பிள்ளை மந்தமாகிப் படுத்துவிடும். பினைட்டாயினுக்கு ரத்தம் எடுக்க வேண்டாம் என்று யாரும் அடம்பிடிக்காதீர்கள்.

அதன் சிரப்பை நன்றாகக் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். மருந்து அடியில் தங்கும். குலுக்காமல் கொடுத்தால் போத்தலின் முதல் பாதியில் மருந்து போதாது, கடைசியில் அளவுக்கு மீறிப் போகும். லயத்து வீட்டு அலமாரியில் அடிப்பக்கம் வெள்ளையாகத் தடித்துப் போன போத்தல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சுங்கை சிப்புட் அம்மா

எல்லோருக்கும் நன்றி. மருந்தாளர் தங்கச்சி எழுதியதை நாத்தனாருக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். தனியாரிடம் போகவில்லை. மாமியாரிடமும் சொன்னேன், கேட்டுக்கொண்டார்.

ரெண்டு சந்தேகம். இவன் சில நாள் சிரப் குடித்ததும் வாந்தி எடுத்துவிடுவான். மறுபடி கொடுக்கலாமா? அடுத்த தடவை ரத்தம் எடுக்கப் போகும்போது நேரத்தை நான் வாயால் சொன்னால் போதுமா?

தெலுக் இந்தான் மருந்தாளர்

குடித்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை மறுபடி கொடுங்கள். அரை மணி தாண்டிவிட்டால் வேண்டாம், அடுத்த வேளைக்குக் கொடுத்தால் போதும். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள், பல பிள்ளைகளுக்கு வயிறு ஏற்றுக்கொள்ளும். அப்படியும் அடிக்கடி வாந்தி எடுத்தால் சிரப் பிடிக்கவில்லை என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள். ரத்தம் எடுக்கும் தாதி ஒருவர், பாரம் நிரப்புபவர் இன்னொருவர், எண்ணைப் படித்து டாக்டருக்குக் கருத்து எழுதுவது என்னைப் போல முகம் பார்க்காத ஒருத்தி. கடைசி வேளை எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, கடந்த சில நாளில் ஏதாவது வேளை தவறியதா, வேறு மருந்தோ நாட்டு மருந்தோ கொடுத்தீர்களா, இன்றைய எடை, இத்தனையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பாரத்தோடு பின் பண்ணச் சொல்லுங்கள். தவறியிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். யாரும் திட்ட மாட்டோம், அது தெரிந்தால் பிள்ளைக்கு வீணாக மருந்து கூடாமல் தப்பும்.