ஃபர்ம்வேருக்கு எந்தச் சொல்? நாளை மாலைக்குள் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

ஃபர்ம்வேரை, அதாவது வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருந்து அதை இயக்கும் நிரலை, புதுப்பித்த பிறகு சுட்டியும் (மவுஸ்) விசைப்பலகையும் வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்று ஓர் உதவிக் குறிப்பைத் தமிழாக்குகிறேன். அதன் முதல் சோதனை: கணினியை இயக்கியதும், இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் ஃபர்ம்வேரான பயாஸின் திரைக்குள் போய்ப் பாருங்கள். அங்கே விசைப்பலகை வேலை செய்து, இயங்குதளம் வந்த பின் நின்றுவிட்டால் இயக்கியை (டிரைவர்), அதாவது கருவியை இயங்குதளத்தோடு பேசவைக்கும் நிரலை, சந்தேகிக்கலாம். அங்கேயே அசையவில்லை என்றால் வேறு யுஎஸ்பி துளையில் செருகிப் பார்க்க வேண்டும். நான் 'நிலைபொருள்' என்று எழுதினேன். சரிபார்த்தவர் எல்லா இடத்திலும் 'மென்பொருள்' என்று மாற்றிவிட்டார். இயக்கியும் மென்பொருள், இயங்குதளமும் மென்பொருள். பிறகு எதைப் புதுப்பித்ததால் கோளாறு என்று வாசகர் எப்படி அறிவார்?

—

> நான் 'நிலைபொருள்' என்று எழுதினேன்

ப் மிகாமல் எழுதியது சரி. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. ஆனால் சொல்லை ஏற்க முடியவில்லை. நிலைத்துவிட்ட பொருளை எப்படிப் புதுப்பிப்பது? 1967-இல் கணினி அறிஞர் ஆஷர் ஓப்ளர் ஃபர்ம்வேர் என்ற சொல்லை முன்வைத்தபோது, மாற்றி எழுதக்கூடிய நினைவகத்தில் இருந்து செயலியின் கட்டளைகளை நடத்தும் நுண்நிரலைத்தான் (மைக்ரோகோடு) குறித்தார். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவே நிற்பது என்பதே கருத்து. அந்த நடுவுக்குத் தொல்காப்பியத்திலேயே பெயர் உண்டு: வல்லெழுத்து, மெல்லெழுத்து, இடையெழுத்து. ஆகவே வன்பொருள், மென்பொருள், இடைப்பொருள். இடுக்கு, இடுகுதல், இடை எல்லாம் ஒரே வேர் என்பது என் எண்ணம். இரண்டு பெரியவற்றுக்கு நடுவே ஒடுங்கி நிற்பதுதானே இது?

—

ஐயா, அழகான வரிசை. ஆனால் இடைப்பொருளை மிடில்வேருக்கு, அதாவது மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் மென்பொருளுக்கு, ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். திரும்ப வாங்க முடியாது.

கணினி பழுது பார்க்கக் கற்றுத்தருகிறேன். மாணவர்கள் சொல்வது 'பயாஸ் அப்டேட்'. புதுப்பித்ததும் பயாஸ் அமைப்புகள் பல நேரம் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். யுஎஸ்பி தொடர்பாக முன்பு மாற்றி வைத்ததும் அதோடு போய்விடும். இதைச் சொல்லிப் புரியவைக்கவே நேரம் போதவில்லை. விசைப்பலகை செத்துப்போய்த் தவிக்கிறவர் முன்னால் புதுச்சொல்லையும் வைக்க வேண்டாம். 'ஃபர்ம்வேர்' என்றே எழுதுங்கள்.

—

சுட்டியைப் பற்றியும் ஒன்று. நிரலாக்கத்தில் நினைவக முகவரியைக் குறிக்கும் பாயிண்டருக்கும் அதே சொல்தான். நெற்றியில் அணிவதும் சுட்டி, துறுதுறுப்பான குழந்தையும் சுட்டி. 'சொடுக்கி' என்றால் குழப்பமில்லை. இதையும் இப்போதே முடிவு செய்தால் என்ன?

—

சுட்டி நிலைத்துவிட்டது, தயவுசெய்து அதைத் தொட வேண்டாம். இடம் பார்த்தால் பொருள் விளங்கும். சுட்டியைக் கையில் பிடித்தவர் யாரும் குழந்தையை நினைப்பதில்லை.

—

எல்லோருக்கும் நன்றி. நான் நிலைபொருள், ஒருவர் ஃபர்ம்வேர், ஒருவர் இடைப்பொருள். முதல் இடத்தில் 'ஃபர்ம்வேர் எனப்படும் நிலைபொருள்' என்று எழுதி, அப்புறம் முழுக்க நிலைபொருள் என்றே போடுகிறேன். பயாஸ் பயாஸாகவே இருக்கும். கோப்பை இன்றிரவு அனுப்பிவிடுவேன்.

—

அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் 'நிலைபொருளைப் புதுப்பித்த பின்' என்று தொடங்கும் உங்கள் முதல் வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மிடில்வேருக்கு வேறு சொல் தேட நான் தயார். இரண்டு நாளில் எழுதுகிறேன்.