மில்லிகன் 'எல்லாத் துளிகளும்' என்று எழுதினாரா, இல்லையா?

கரும்பலகை: நேற்று இங்கே ஒரு பெரியவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. எண்ணெய்த் துளிகளை வைத்து எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன், அந்தத் துளிகளைப் பொறுக்கி எடுத்த கதையைப் பிளஸ் டூ பிள்ளைகளிடம் சொல்லக்கூடாதாம், அறிவியல் மேலேயே நம்பிக்கை போய்விடுமாம். நேர்மை, நெறியெல்லாம் கல்லூரியில் பார்த்துக்கொள்ளலாமாம். எண்ணெய்த் துளிச் சோதனை பிளஸ் டூ புத்தகத்திலேயே இருக்கிறது ஐயா! 1913 கட்டுரையில் 58 துளிகளின் அளவீட்டைக் கொடுத்துவிட்டு, இவை தேர்ந்தெடுத்தவை அல்ல, தொடர்ந்து 60 நாள் சோதித்த எல்லாத் துளிகளும் இவைதான் என்று எழுதினார் மனிதர். அவருடைய ஆய்வக நோட்டைத் திறந்தால் நூற்றுக்கும் மேல். இதைச் சொல்லாமல் 'சான்றை எடைபோடு' என்று எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது?

சாய்வுநாற்காலி: அந்தப் பெரியவர் நான்தான். வயதைக் கண்டுபிடித்த அளவுக்கு விஷயத்தையும் பிடித்திருக்கலாம். விட்ட துளிகளில் பல பாதியில் நின்றுபோனவை. 1981இல் அறிவியல் வரலாற்றை ஆராய்ந்த ஆலன் பிராங்க்ளின் அவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். எலக்ட்ரானின் மின்னூட்டம் பெரிதாக மாறவில்லை, பிழை எல்லைதான் கொஞ்சம் விரிந்தது. 1923இல் நோபல் சும்மா கொடுக்கவில்லை.

கரும்பலகை: மதிப்பு மாறியதா என்று யார் கேட்டது? 'எல்லா' என்று எழுதினாரா, இல்லையா?

சாய்வுநாற்காலி: ஆய்வகத்தில் ஒரு நாளாவது நின்றவர்களுக்குத் தெரியும். கருவி சூடேறும், காற்று அசையும், துளி ஓடிவிடும். அதையெல்லாமா அச்சடிப்பார்கள்?

கரும்பலகை: நான் 22 வருஷமாக ஆய்வகத்தில்தான் நிற்கிறேன். ஓடிப்போன துளியை விடட்டும், யார் வேண்டாமென்றது? விட்டேன் என்று ஒரு வரி எழுத வேண்டாமா? நோட்டில் ஒரு துளிக்குப் பக்கத்தில் 'அழகு, வெளியிடு' என்று குறித்திருக்கிறார். விடை வந்த பிறகு பார்த்து ரசித்துப் பொறுக்கினால் அதற்குப் பெயர் என்ன?

மலர்_வேதியியல்: ஹார்வி பிளெட்சரை ஏன் இருவருமே மறந்துவிட்டீர்கள்? மில்லிகனிடம் உட்கார்ந்து துளி பார்த்த மாணவர் அவர். 1910 கட்டுரையில் மில்லிகன் பெயர் மட்டும். பிளெட்சர் எழுதிவைத்த குறிப்பு அவர் இறந்த பிறகுதான் அச்சில் வந்தது. நெறி என்றால் அதுவும் நெறிதானே.

சாய்வுநாற்காலி: பிளெட்சரே மில்லிகன் மேல் கோபமில்லை என்றுதான் எழுதினார், மேடம். உங்களுக்கு என்ன?

மலர்_வேதியியல்: வேலை பார்த்த மாணவனுக்குக் கோபம் வரவில்லை என்றால் சரியாகிவிடுமா? நல்ல நியாயம்.

ஓரப்பெஞ்சு: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பிளஸ் ஒன் பிராக்டிகலில் தனி ஊசல் போட்டோமே, முதலில் கீழே g, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 9.8 என்று எழுதிவிட்டு, அப்புறம் கீழிருந்து மேலே போய் அலைவு நேரத்தின் வர்க்கமான T² கட்டத்தை நிரப்புவோம். மில்லிகனாவது துளியைப் பார்த்தார். நாங்கள் குண்டை நூலில் கட்டவேயில்லை.

கரும்பலகை: வாடா தம்பி, உன்னைத்தான் தேடினேன். கேளுங்கள் சாய்வுநாற்காலி. ஒரு மீட்டர் நூல், 20 அலைவு, சுமார் 40 விநாடி. ஸ்டாப் வாட்சை அமுக்கும் விரலே 0.2 விநாடி முன்பின் போகும். 40.0 என்றால் g 9.87, 40.4 என்றால் 9.68. ஒரு வகுப்பில் 40 பேர் செய்தால் விடை அங்குமிங்கும் சிதறித்தான் கிடக்கும். நான் திருத்திய ரெக்கார்டு நோட்டுகளில் 40 பேரில் 38 பேருக்கு 9.8! மீதி இரண்டு பேர் 9.81. சென்னையில் உண்மை மதிப்பே 9.78தான் சார், 9.81 லண்டன் கணக்கு. பையன் லண்டனில் ஊசல் ஆட்டியிருக்கிறான்.

சாய்வுநாற்காலி: 0.03 வித்தியாசத்தை உங்கள் ஸ்டாப் வாட்ச் பிடிக்காது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிடிக்க முடியாததற்கு எதற்கு இவ்வளவு சத்தம்?

கரும்பலகை: ஐயோ! பிடிக்க முடியாததால்தானே சிதற வேண்டும்? சிதறாமல் வந்ததுதான் திருட்டு!

மலர்_வேதியியல்: 9.68 எழுதினால் எக்ஸ்டெர்னல் மார்க்கைக் குறைக்கிறார். பிள்ளையைத் திருடன் என்பதற்கு முன்னால் அதைப் பேசுங்கள்.

கரும்பலகை: பேசுவேன். 9.68க்கு முழு மார்க் போட்டவன் நான்.

சாய்வுநாற்காலி: போட்டிருப்பீர்கள். போன வருஷம் நிலவேம்பு விவாதத்தில் 'ஆதாரம் எங்கே' என்று கேட்ட என் பதிவைத் தூக்கச் சொன்னதும் இதே நேர்மையாளர்தான்.

கரும்பலகை: வசவு இருந்தது, தூக்கச் சொன்னேன். அதுவும் 'எல்லா'வும் ஒன்றா?

சாய்வுநாற்காலி: 'முட்டாள்' வசவா?

மலர்_வேதியியல்: பிளெட்சருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கரும்பலகை: பிளெட்சர் இருக்கட்டும் மேடம். 58 துளி. 60 நாள். 'எல்லா'. எழுதினாரா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் சார்.

சாய்வுநாற்காலி: சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

ஓரப்பெஞ்சு: நேற்றும் இதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.