புதுப்பிப்பு: பைக் மீட்டர் விளக்கின் நிறத்தை மாற்றிவிட்டேன்

என் பழைய பைக்கின் மீட்டரில் மஞ்சளாகத் தெரிந்த வெளிச்சத்தைக் குறைந்த செலவில் நீலமாக்க வழி கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பல்பின் மேல் கண்ணாடிப் பெயின்ட் பூசும் யோசனை பலிக்கவில்லை, சூட்டில் ஒரே வாரத்தில் கருகிவிட்டது. 12 வோல்ட் டி10 (செருகும் வகை பல்பின் ஓர் அளவு) நீல எல்இடி பல்புகளைப் பொருத்தச் சொன்ன யோசனையே வேலை செய்தது. இரண்டில் ஒன்று முதலில் எரியவில்லை. எல்இடிக்கு நேர்முனை, எதிர்முனை வேறுபாடு உண்டு என்பதால், கழற்றித் திருப்பிச் செருகியதும் எரிந்தது.

நான் எதிர்பாராதது இண்டிகேட்டர் பல்பு. அதையும் எல்இடியாக மாற்றியபோது ஒரு பக்கத்துக்கு மட்டுமே மின்னியது. என் மீட்டரில் இரு பக்கங்களுக்கும் பொதுவான அந்த ஒற்றைப் பல்பு இடது, வலது இணைப்புகளுக்கு நடுவே இருப்பதால், மின்சாரம் அதில் இரு திசைகளிலும் பாய வேண்டியிருக்கிறது. எல்இடி ஒரு திசையில்தான் பாயவிடும். ஆகவே அங்கே மட்டும் பழைய இழை பல்பையே மீண்டும் பொருத்திவிட்டேன்.