நெடுஞ்சாலையில் அலையும் 1978 பத்மினி: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். அப்பா வாங்கிய 1978ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி காரை இப்போது நான் ஓட்டி வருகிறேன். ஊருக்குள் குறையொன்றும் இல்லை. ஆனால் திருச்சி–மதுரை நான்குவழிச் சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டியதும் வண்டி அலையத் தொடங்குகிறது. பேருந்து முந்திச் சென்றால், அந்தக் காற்றுக்கே ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஸ்டியரிங்கில் இரண்டு விரற்கடை ஆட்டம் இருக்கிறது. வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணச் சீரமைப்பு) இருமுறை பார்த்தாகிவிட்டது. தேய்மானம் கிங்பின்னிலா (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி), ஸ்டியரிங் பாக்ஸிலா (ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்லிணைப் பெட்டி) என்பதைப் பாக்ஸைக் கழற்றாமலே கண்டறிய முடியுமா?

1089 சிசி எஞ்சினும் மேட்டில் மூன்றாம் கியரிலேயே திணறுகிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது நான்கில் இரண்டு மட்டும் கரி படிந்திருந்தன. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். ஆனால் நான்கு சிலிண்டருக்கும் ஒரே கார்புரேட்டர்தான் என்னும்போது, குறை அதிலிருந்தால் நான்கு பிளக்கும் கறுத்திருக்க வேண்டும் அல்லவா? முதலில் கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) டேப்பெட் இடைவெளியையும் (வால்வு இயக்கத்தில் விடப்படும் சிறு இடைவெளி) பார்ப்பதே முறை என்று எனக்குப் படுகிறது.

நான்கு சக்கரத்திலும் டிஸ்க் அல்லாத பழைய டிரம் பிரேக் என்பதால் 80க்கு மேல் போகும் ஆசை எனக்கில்லை. இதே வண்டிக்கு ரேடியல் டயர் மாட்டியவர்கள் எந்த அளவு போட்டீர்கள், அலைச்சல் குறைந்ததா என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.